மிதக்கிற இரைகள்

பரமானந்தம் அண்ணை பதினாலு தூண்டில் இரைகளைத் தோட்டத்து மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டு, பிள்ளை குளிப்பாட்டுகிற பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றாக அதற்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். யூன் மாதத்துச் சனிக்கிழமை, மத்தியானம். ஸ்கீவ என்கிற இந்த டேனிஷ் ஊரில் வெயில் எறிக்கிற நாட்களை விரல் மடித்து எண்ணிவிடலாம், அது அதிலொன்று. தெரு முழுக்க இறைச்சி வாட்டிக்கொண்டிருக்க, இந்த மனுஷன் ரப்பர்த் தவளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மார்பளவு உயரத்தில் பச்சை வேலி. உடுப்புக் கொடியை அந்த வேலியோடு ஒட்டிக் கட்டியது நான்தான். அங்கேதான் வெயில் விழுகிறது என்று கேட்டவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். நாலு தலையணை உறை காயப்போட எனக்கு அன்று முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

மேசையில் சுருட்டு வடிவத்தில் ஒன்று கிடந்தது. இழுத்தால் இடமும் வலமுமாகத் தலையாட்டிக்கொண்டு வருமாம். வாய் குழிந்த ஒன்று தண்ணீரைத் துப்பித் துப்பி வருமாம். வாலில் விசிறி பூட்டிய ஒன்று. மஞ்சள் வாத்துக்குஞ்சு ஒன்று, சத்தியமாக வாத்துக்குஞ்சுதான், வயிற்றில் கொளுக்கிகளோடு. எல்லாவற்றிலும் பெரியது அமெரிக்காவிலிருந்து வருவித்தது. அங்கே மஸ்கி என்றொரு மீன் இருக்கிறதாம். எங்கள் ஏரிகளில் கெத என்று சொல்கிற முதலைமூஞ்சி மீனுக்குப் பெரியண்ணன் முறை. அதற்கென்று செய்த கறுப்புக் கட்டை, என்னுடைய சோத்து அகப்பையளவு இருக்கும். கறுப்பு ஏனென்றால், கீழேயிருந்து பார்க்கிற மீனுக்கு வானத்தின் வெளிச்சத்தில் கறுப்புத்தான் எடுப்பாகத் தெரியுமாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கேட்டேன். கேட்டால் சொல்கிறவர்தான் அவர்.

மிதந்ததை மேசைக்குத் திருப்பினார். விசிறி பூட்டியது கொஞ்சநேரம் மிதந்தது. உள்ளே தண்ணீர் போயிருக்க வேண்டும், மெல்ல வால் பக்கமாகச் சாய்ந்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முழங்கை நனையக் கையை விட்டு எடுத்து, ஈரத்தைத் துடைக்காமல் குப்பைவாளிக்குள் எறிந்தார். புத்தம்புதுச் சாமான். எனக்கு வயிறெரிந்தது.

அந்தோனிதாசனைப் பற்றி இங்கே சொல்லாவிட்டால் விளங்காது. பரமண்ணையும் அவரும் ஒரே இறைச்சித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று பன்றித் தோள் எலும்பு கழற்றியவர்கள். அவர் மட்டக்களப்பு, வேதக்காரர். பரமண்ணை யாழ்ப்பாணம், வெள்ளிக்கிழமை மச்சமாமிசம் தொடமாட்டார். மீன்பிடி அந்தோனிதாசன் தொற்றவிட்ட வருத்தம் என்று பரமண்ணையின் மனைவி இராசலட்சுமியக்கா சொல்லுவா. போன நவம்பர் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, இங்கிருந்து இருபத்தைந்து நிமிஷம் காரில் போகிற ஏரியில் அவர்களுடைய சின்ன வள்ளம் கவிழ்ந்தது. பெரிய மீனொன்று கொழுவியதாம். அதைப் பார்க்க இரண்டு பேரும் ஒரே பக்கம் குனிந்தார்களாம். பரமண்ணை கவிழ்ந்த வள்ளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார். நாயோடு நடக்க வந்த பெண்ணொருத்தி கண்டு அவசர நம்பருக்கு அடித்தாள். அந்தோனிதாசன் உதவி கூட்டிவாறன் என்று கரைக்கு நீந்திப் போனார். இரண்டு பேரிலும் நீச்சல் தெரிந்தவர் அவர்தான்.

சுழியோடிகள் வந்தார்கள், மோப்ப நாய் வந்தது, அடித்தளத்தைப் படமெடுக்கிற மெஷின் வந்தது. ஏழு நாள். முப்பது மீற்றர் ஆழம், அடியில் சேறு, விழுந்து கிடக்கிற மரங்கள். எட்டாம் நாள் பொலிஸ்காரர் ஒருவர் அந்தோனிதாசனின் மனைவி மேர்சியின் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இருந்து, தேடுதலை நிறுத்துகிறோம் என்று மிக மரியாதையாகச் சொன்னார். கோடையில் தண்ணீர் சூடாகும்போது சிலவேளை தானாக மேலே வரும் என்றும் சொன்னார். தேவாலயத்தில் படத்தை வைத்துப் பூசை நடந்தது. பெட்டி இல்லை, குழி இல்லை. மண் போட வந்த கைகளெல்லாம் கேக் எடுத்துத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தன. என்னுடையதும்தான்.

கெத பிடிக்கிற தடை ஏப்ரலோடு முடிகிறது. மே முதலாம் கிழமையே பரமண்ணை தூண்டிலோடு வெளிக்கிட்டார். தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாசலில் நான் சொன்னது ஒரே ஒரு வசனம்: பரமண்ணை திரும்பவும் அந்த ஏரிக்குப் போறார். மிச்சத்தை ஆளுக்காள் சேர்த்தார்கள். சினேகிதனைத் தின்ற மீனைப் பிடித்துக் குழம்பு வைக்கிறாராம் என்று பள்ளிக்கூடத்துக் கோப்பி மேசையில் நிலுஷாவின் தாய் சொன்னபோது சீச்சீ என்றேன். ஆனால் கோப்பியை முடிக்காமல் எழும்பி வரவில்லை. அடுத்த செவ்வாய், அவர்களுடைய குப்பைவாளியைத் தெருவுக்கு இழுத்து விடுகிற சாட்டில் மூடியைத் திறந்தும் பார்த்தேன். செதிலொன்றுகூட இல்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

வள்ளம் கவிழ்ந்த நாளிலிருந்து பரமண்ணை கார் ஓட்டுவதில்லை. பஸ்ஸில் போய் மிச்சத்துக்கு நடப்பார். யூலையில் ஒருநாள் இராசலட்சுமியக்கா வேலிக்கு மேலால் எட்டி, காலில் கொப்பளம் போட்டிருக்கு, ஒருக்கா கொண்டுபோய் விடுவியளோ என்று கேட்டா. நான் அதற்குள் கார்த் திறப்பை எடுத்துவிட்டிருந்தேன்.

ஏரிக்கரையில் மரப்பாலமொன்று தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் நுனியில் நின்று சுருட்டு இரையை எறிந்தார். அது விழுந்து வட்டம் அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுண்டிச் சுண்டி இழுத்தார். இரை சொன்னபடியே தலையாட்டிக்கொண்டு வந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ எறிதலில் தண்ணீர் வெடித்தது. வாளியளவு வாய் ஒன்று இரையோடு மூடியது. பரமண்ணை தடியைத் தாழ்த்தி நூலைத் தளர விட்டார். மீன் துப்பிவிட்டுப் போயிற்று. அவர் கண் அந்தப் பக்கமே திரும்பவில்லை; தூரத்துக் கோரைப்புல் ஓரமாகத் தேடிக்கொண்டிருந்தது.

"அண்ணை, மீனெல்லே அடிச்சது," என்றேன்.

"மீனை ஆர் பாத்தது, புஷ்பா."

திரும்பி வருகிற வழியில்தான் சொன்னார். மே மாதத்தில் முதல் இரண்டு தரமும் தூண்டிலை மரத்தில் சாத்திவிட்டு வெறுங்கையோடுதான் நின்றாராம். ஓடிப் பழகுகிற பெடியன் ஒருவன் நின்று, சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டானாம். அடுத்த முறை ஒரு கிழவி, யாரோடாவது கதைக்க விருப்பமா என்று பக்கத்தில் இருந்துவிட்டாளாம். அவள் போய் அரை மணித்தியாலத்தில் பொலிஸ் கார் மெதுவாக வந்து நின்றதாம். இந்த நாட்டில் நாயோ தூண்டிலோ இல்லாமல் ஒரு மனுஷன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. தூண்டில் கையில் இருந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதிலும் மேல் தண்ணீரில் ஓடுகிற இரை என்றால் கண்ணை மேல் தண்ணீரில் வைத்திருப்பதுதான் வேலை.

"அவன் மேல வரேக்க நான் நிக்கவேணும்," என்றார். "அடியில போற சாமான் எனக்கு வேண்டாம்." அதற்குப் பிறகு வீடு வரும்வரை தன் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இதை வயிற்றுக்குள் வைத்திருக்க என்னால் முடியவில்லை. நல்ல கதை, ஒரு முறையாவது நல்ல கதை என்று நினைத்துக்கொண்டு ஓகஸ்ட் கடைசியில் மேர்சியிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். அழுவாள், என் கையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். மேர்சி முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்தவள். செத்தவர்களைக் கழுவி உடுப்பாட்டுவதில் அவளுக்கு நிகர் அங்கே யாருமில்லை. கேட்டுக்கொண்டே உடுப்பு மடித்தாள். மடித்து முடித்ததும், எந்த இரை போடுகிறார் என்று மட்டும் கேட்டாள். மிதக்கிறது மட்டும் என்றேன்.

மறுநாள் பின்னேரம் அவள் பரமண்ணை வீட்டுத் தோட்டத்துக்கு வந்தாள். கையில் அந்தோனிதாசனின் பச்சை நிறத் தூண்டில் பெட்டி. கொடியில் காயப்போட என்னிடம் ஒன்றும் இல்லை, ஆனாலும் வேலியடியில் போய் நின்றேன். அவள் பெட்டியைத் திறந்து, உள்ளங்கை நீளத்தில், அடிக்குத் தாழ்கிற ஈயவயிற்று இரையொன்றை எடுத்து மேசையில் வைத்தாள். மேசை சத்தம் போட்டது.

"கோடை முடிஞ்சி போகுது, அண்ணன். மேல வார ஆளெண்டா வந்திருப்பாரு. இத போடுங்க."

"ஏலாது, பிள்ளை."

"ஏன்?"

"கொழுவிச்சுதெண்டா?"

"கொழுவட்டும்."

பரமண்ணை இரையைப் பார்க்காமல் மேசையின் விளிம்பைத் தடவினார். "அவனுக்கு நோகும், மேர்சி."

இராசலட்சுமியக்கா தேத்தண்ணியோடு கதவுக்குள்ளேயே நின்றுவிட்டா. பொலிசுக்குத் திரும்ப ஒருக்கா எடுத்துப் பார்ப்பமே என்று மெல்லச் சொன்னா. ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடுக்கிறேன், ஒவ்வொரு முறையும் எடுத்ததற்கு நன்றி சொல்கிறார்கள் என்றாள் மேர்சி. பிறகு பரமண்ணைக்குக் கிட்டப் போனாள்.

"ஒன்பது மாசமா நனைஞ்சி போய்க் கிடக்காரு. எடுத்துத் தாங்க, அண்ணன். மறுகா நான் பாத்துக்கிறன்."

ஞாயிறு காலை நான்தான் இரண்டு பேரையும் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கார் என்னுடையது, வேறு ஆளைத் தேடுவார்களோ என்று பயமாகவும் இருந்தது. மேர்சி பின் சீற்றில் பெட்டியை மடியில் வைத்திருந்தாள், கோயிலுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற மாதிரி.

பாலத்தின் நுனியில் பரமண்ணை தன்னுடைய பெட்டியைத்தான் முதலில் திறந்தார். விரல்கள் வாத்துக்குஞ்சைத் தொட்டன, சுருட்டைத் தொட்டன, கறுப்புக் கட்டையில் நின்றன. மேர்சி ஈயவயிற்றை நீட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் வாங்கினார். நூல் நுனியிலிருந்த கம்பித் துண்டில் அதைக் கொழுவ நாலுதரம் தவறியது.

எறிந்தார். இரை தாழத் தாழ டேனிஷில் எண்ணினார், தொழிற்சாலைப் பழக்கம். இருபத்தாறில் நூல் தளர்ந்தது. அடி. மெதுவாக இழுத்துச் சுற்றினார். ஒன்றும் இல்லை. அடுத்ததில் கறுத்த இலைகள் வந்தன, முட்டை பழுதான மணத்தோடு. மேர்சி குனிந்து கொளுக்கியிலிருந்து இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, விரித்துப் பார்த்து, பக்கத்தில் வைத்தாள். குளிக்க வந்த வயதான டேனிஷ்ச் சோடியொன்று துவாயோடு பாலத்தில் ஏறியது. எங்களைக் கண்டதும் நின்று, தூண்டில்காரருக்கு இங்கே சொல்கிற வாழ்த்தைச் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். நிறைய அகப்படட்டும் என்பது கருத்து. நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல? அவர்கள் கரைப்பக்கத்து ஏணியால் இறங்கி, குளிரில் கத்தி, ஏறிப் போனார்கள்.

பதினோராம் எறிதலில் தடி வளைந்து நின்றது.

"மரம்," என்றார் பரமண்ணை.

"இழுங்க."

உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தார். கொஞ்சம் வந்தது. மீன் என்றால் உதைக்கும், மரமென்றால் அசையாது. இது உதைக்கவுமில்லை, அசையாமலும் இல்லை. ஈரமூட்டை ஒன்றைச் சேற்றிலிருந்து இழுக்கிற மாதிரி கொடுத்தது, பிறகு நின்றது. பரமண்ணையின் முகம் சாம்பலாகப் போய்விட்டது. இடக்கை தடியைப் பிடித்திருக்க, வலக்கை சட்டைப் பையில் தொங்கிய, நூல் வெட்டுகிற கத்தரிக்கோலைத் தேடி எடுத்தது. தண்ணீரைப் பார்க்காமல் கத்தரிக்கோலைத்தான் பார்த்தார். வாய்க்குள் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார். எந்த எண்ணென்று எனக்குக் கேட்கவில்லை.

மேர்சி அவருக்கு முன்னால் வந்து நின்று, தடி நுனியிலிருந்து தண்ணீருக்குப் போகிற நூலை எட்டி வெறுங்கையால் பிடித்தாள்.

"விடு பிள்ளை, கை வெட்டும்."

அவள் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். பின்னல் நூல் விரல்களுக்குள் இறங்கி, இறங்கின இடம் முதலில் வெள்ளையாகவும் பிறகு சிவப்பாகவும் மாறியது. முதியோர் இல்லத்துப் படுக்கையில் கிடக்கிற கிழவரை நோகாமல் புரட்டி எடுக்கிறவளைப் போல, முதுகை நேராக வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் சாய்ந்தாள். விறைத்த நூலிலிருந்து நீர்த்துளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வழுகி வந்து அவளுடைய கைக்குள் போயின. கத்தரிக்கோல் திறந்தபடியே நின்றது. அங்கே தூரத்தில், நூல் தண்ணீருக்குள் போகிற இடம், மிக மெதுவாக, ஒரு முழம் எங்கள் பக்கமாக நகர்ந்து வந்தது.