கன்னம் மாறிய கங்காணி

மலைநாட்டு உழைப்பாளியின் குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்த அந்த ஆண்டில், டிக்கோயாத் தோட்டமொன்றில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களச் சுவரில், கணக்கப்பிள்ளையின் தொந்தியைக் கரித்துண்டால் வரைந்தான் கணேசமூர்த்தி. தொந்தி உள்ளபடியே அமைந்துவிட்டது. ஆகவே மூன்று நாள் வேலை மறுக்கப்பட்டது. கலைக்குக் கிடைத்த முதற்பரிசு அதுதான்.

ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கை சுவரிலிருந்து தாளுக்கு ஏறிவிட்டது. பகலில் கவ்வாத்துக் கத்தியால் தேயிலைச் செடிகளின் தலையை வெட்டினான். மாலையில் உடைந்த கத்தித் துண்டொன்றால் அதிகாரத்தின் தலையை வெட்டினான். தொழிற்சங்கத்துக்காக ஹட்டன் அச்சகத்தில் ஜமால்தீன் அச்சிட்டு வந்த 'கொழுந்தொலி' வார இதழில், முதற்பக்கத்தில், உள்ளங்கையகல இடம் அவனுக்கென்றே இருந்தது. அந்த இடத்துக்காக அவன் சோற்றை மறப்பான். மனைவி நாகலெட்சுமி அழைப்பதையும் மறப்பான்.

கொழும்பிலிருந்து அச்சுக்கட்டை வரவழைக்க இதழுக்கு வசதியில்லை. துரை பங்களாவில் கழித்தெறிந்த லினோலியத் தரைவிரிப்பை வெட்டியெடுத்து, அதிலேதான் படம் செதுக்குவான். துரைமார் மிதித்த விரிப்பு, துரைமாரை மிதிக்கும் படமாயிற்று. ஆனால் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். முடித்ததும் நாகலெட்சுமியின் கைக்கண்ணாடியில் காட்டிச் சரிபார்த்துக்கொள்வான்.

அந்த வாரம் அவள் தங்கையின் திருமணத்துக்கு வட்டகொடைக்குப் போனாள். கண்ணாடியும் கூடவே போயிற்று.

கணேசமூர்த்தி செதுக்கியது பெரிய கங்காணி செல்லசாமியை. கூடையும் கொழுந்துமாய் நான்கு பெண்கள் ஒரு நாற்காலியைத் தூக்கிச் செல்கிறார்கள். அதில் கோட்டும் தலைப்பாகையுமாய்க் குடைபிடித்து அமர்ந்திருக்கிறார் கங்காணி. கீழே எழுத்துக்கோத்த வாசகம்: 'உங்கள் பாரத்தை நானே சுமக்கிறேன்.'

இங்கே சங்கத் தலைவர் வீரய்யாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கங்காணியின் கோட்டை எதிர்த்து மேடையேறியவர் அவர்; ஏறிய மேடைக்குப் பொருத்தமாகத் தமக்கும் ஒரு கோட்டுத் தைத்துக்கொண்டார். தலைப்பாகை பின்னால் வந்தது. குடை அதற்கும் பின்னால். வெற்றிலையைச் செல்லசாமி இடக்கன்னத்தில் அடக்குவார், வீரய்யா வலக்கன்னத்தில் அடக்குவார். ஒன்பதாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு அவ்விருவருக்கும் எஞ்சியிருந்த வேற்றுமை அந்த வெற்றிலை உருண்டை ஒன்றே.

அவசரத்தில் கணேசமூர்த்தி படத்தை நேராகவே செதுக்கிவிட்டான். தாளில் உருண்டை வலக்கன்னத்துக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாகச் சிரிப்பு பரவியது. செல்லசாமி கட்டாக இதழ் வாங்கி, வாழ்நாளில் முதன்முறையாகத் தொழிலாளருக்கு இலவசமாக ஒன்றை வழங்கினார். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு கணேசமூர்த்தியைக் கண்டதும் கூடையோடு நின்றுவிட்டாள்.

"நம்ம தலைவரையே போட்டுட்டீங்களேண்ணே. உங்களுக்கு நெஞ்சழுத்தம்தான்."

தவறு என்று சொல்ல அவன் வாய் திறந்தான். அதற்குள் நாலு பெண்கள் மரியாதையோடு வழிவிட்டார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டு, நெஞ்சழுத்தமுள்ளவன் எப்படி நடப்பானோ அப்படி நடந்து போனான்.

அந்த நடை அச்சகத்து வாசல்வரைதான் நீடித்தது. உள்ளே வீரய்யா இதழோடு உட்கார்ந்திருந்தார்.

"மூர்த்தி, நான் என்ன கங்காணியா?"

"இல்லீங்க தலைவரே. மாத்திச் செதுக்க மறந்துட்டேன். கண்ணாடி ஊருக்குப் போயிருச்சுங்க."

வீரய்யா நம்பினார், ஆனால் ஊர் நம்ப வேண்டுமே. பழைய படத்தையும் திருத்திய படத்தையும் அடுத்த இதழில் பக்கத்தில் பக்கத்தில் போடவேண்டும் என்றார். எது தவறு, எது சரி என்று சனம் கண்ணால் காணட்டும். மறுத்தால் அந்த உள்ளங்கையகல இடத்தில் வாராவாரம் தமது போட்டோ வெளிவரும் என்றார். ஜமால்தீன் தாடியைத் தடவிக்கொண்டார்.

கணேசமூர்த்திக்கு நெஞ்சழுத்தமும் வேண்டும், இடமும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும்போலத் தெரிந்தது. அவன் இடத்தைத் தேர்ந்தான். வட்டகொடையிலிருந்து திரும்பிய கண்ணாடியில் மூன்று முறை பார்த்து, உண்மையாகவே, பணிவாகவே, பிழையில்லாமல் செதுக்கினான். ஒரு படத்தின்கீழ் 'சென்ற வாரம் தவறாக வந்தது' என்றும், மற்றதன்கீழ் 'இதுவே சரியானது' என்றும் எழுத்துக் கோத்தார் ஜமால்தீன்.

இதழ் வெளிவந்தது. இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே நின்றன. இரண்டு கோட்டு, இரண்டு குடை, சுமக்கும் பெண்கள் எட்டுப் பேர். இரண்டிலும் அதே 'உங்கள் பாரத்தை நானே சுமக்கிறேன்.'

அம்மாக்கண்ணு இரண்டையும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவளிடம் திரும்பினாள்.

"எந்தக் கன்னமா இருந்தா என்னடி, தூக்குறது நாமதானே."

முதல் படத்துக்கு ஒரு மடங்கு சிரித்த மலை, திருத்தத்துக்குப் பத்து மடங்கு சிரித்தது. வீரய்யா அச்சகத்துக்குப் பாய்ந்து வந்தார்.

"நீங்க சொன்ன மாதிரிதானே போட்டோம் தலைவரே," என்றார் ஜமால்தீன், தாடியைத் தடவியபடி. "எதுல பிழைன்னு சொல்லுங்க, அதையும் திருத்திப் போடுவோம்."

இன்னொரு திருத்தம் என்றதும் தலைவர் வந்த வேகத்திலேயே வெளியேறினார். போட்டோ பேச்சை அவர் மறுபடி எடுக்கவேயில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வீரய்யா கோட்டில்லாமல், குடையில்லாமல், தூறலில் நடந்தே வந்தார். வெற்றிலையையும் விட்டிருந்தார். கணேசமூர்த்தி வீடு திரும்பி, புது லினோலியத் துண்டோடு திகைத்து உட்கார்ந்தான்.

"ரெண்டு கன்னமும் காலியா இருக்கு, நாகு. இனி அவரை எப்படி அடையாளம் காட்டுறது?"

நாகலெட்சுமி கைக்கண்ணாடியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"இது இல்லாம செதுக்குங்க. அப்பத்தான் உங்களுக்கு நல்லா வருது."