இரண்டு பக்கமும்

"இன்னும் அழுத்தி மிதி" என்றார் அவர், தரையில் நின்றபடி. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்த மனைவி வீங்கிய காலை பிரேக்கில் வைத்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு மிதித்தாள். சக்கரத்தின் நடுவிலிருந்த பெரிய நட்டு அசைவேனா என்றது. ஸ்பேனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, அதன் நுனியில் ஏறி நின்று, அறுபத்தொரு வயதில் ஒரு குதி குதித்தார். நட்டு படாரென்று சத்தம் போட்டுவிட்டு இளகியது. "உசுரோட இருக்கீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இருக்கேன். காலை எடு" என்றார்.

தெருவில் அவருக்குப் புரூஃப்காரர் என்று பெயர். அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டுபிடித்தே சோறு தின்றவர். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் மாப்பிள்ளை யார் என்று பார்க்க மாட்டார். கால்புள்ளி எங்கே என்று பார்ப்பார். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணுக்கு வீட்டில்தான் வேலை. குழாய், மின்விசிறி, கதவுத் தாழ்ப்பாள் எதையும் வெளியாள் தொட விடமாட்டார். காரும் அப்படித்தான். திருப்பும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் வந்தது. குனிந்து பார்த்தார். முன்சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்ட் இரண்டிலும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸெல்லாம் வெளியே தெறித்திருந்தது.

பட்டறையில் மூன்று நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். மூன்று நாளுக்கு அவர் எங்கே போவார்? திங்கள், புதன், வெள்ளி அவளுக்கு டயாலிசிஸ். நாலு வருடமாக அந்தக் கார் போகிற ஒரே இடம் ஆஸ்பத்திரி, திரும்புகிற ஒரே இடம் வீடு. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே இரண்டு நாள் கிடைக்கும். அதற்குள் தானே மாற்றிவிடுவது என்று முடிவுகட்டினார். செப்பனிட்ட ஷாஃப்ட் இரண்டு வாங்கினார். செய்முறையைப் பன்னிரண்டு பக்கம் அச்செடுத்து, பென்சிலும் கையுமாக இரண்டு முறை படித்தார்.

வாடகைக் கார் என்ற பேச்சுக்கே இடமில்லை. போன வருடம் ஒரு நாள் அதில்தான் திரும்பினார்கள். டயாலிசிஸ் முடிந்த களைப்பில் அவள் வண்டிக்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டாள். ஓட்டுநர் கத்திய கத்தலில் சிக்னலில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நடுவழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். பேருந்து நிறுத்தத்துக்குக் கூடப் போக முடியாமல், நனைந்த புடவையோடு நடைபாதையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குச் சொன்னாள்: "நம்ம வண்டி ஓடற மட்டும் வரேன். அது நின்னா நானும் நிறுத்திக்கறேன். அடுத்தவன் வண்டியில என்னைப் பொணமாத்தான் ஏத்தணும்." பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். அவருக்குத் தெரியும், அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஞாயிறு வேலை நன்றாகத்தான் போனது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, கியர்பாக்ஸ் எண்ணெயைப் பழைய பாத்திரத்தில் வடித்தார். சக்கரம் பூட்டியிருந்த பாகத்தைக் கழற்றி ஒதுக்கி, கடப்பாரையின் நுனியை இடுக்கில் கொடுத்து ஒரு நெம்பு. இடப்பக்க ஷாஃப்ட் வாழைப்பழத்தை உரித்த மாதிரி வெளியே வந்தது. அவருக்கே நம்ப முடியவில்லை. எண்ணெயும் வடிந்தாயிற்று, வண்டியும் தூக்கி நிற்கிறது, சூட்டோடு சூடாக அதையும் முடித்துவிடலாம் என்று வலப்பக்கத்தையும் உருவினார். பதினொரு மணிக்கு இரண்டும் செய்தித்தாள் மேல் அருகருகே கிடந்தன. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஆஸ்பத்திரியில என்னையும் இப்படிப் பிரிச்சுப் பூட்ட ஆள் இருந்தா தேவலை" என்றாள்.

வாங்கிவந்த ஷாஃப்டைக் கியர்பாக்ஸின் துளையில் செருகினார். இரண்டு விரல் அளவு போய் நின்றது. திருப்பினார், தட்டினார், வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி கொடுத்தார். அடுத்த பக்கத்திலும் அதே கதை. டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே இருந்த பல்சக்கரம் துளைக்கு நேராக இல்லை. ஒரு ஓரமாகச் சரிந்து கிடந்தது. விரலை விட்டு நகர்த்தப் பார்த்ததில் இன்னும் உள்ளே போனது. இரண்டு மணிவரை மன்றாடிவிட்டு, வெளியூரில் மெக்கானிக்காக இருக்கும் மச்சானுக்கு, அவளுடைய தம்பிக்கு, போன் போட்டார்.

"ரெண்டையும் கழட்டிட்டீங்களா மாமா?"

"ஆமா மச்சான்."

"ஒரே நேரத்துலயா? அந்த வண்டியில ஒண்ணு உள்ள இருக்கும்போதுதான் இன்னொண்ண எடுக்கணும். ரெண்டும் வெளிய வந்துட்டா உள்ள இருக்கற சக்கரத்துக்குப் பிடிமானம் இல்ல, உருண்டுடும். இனிமே கியர்பாக்ஸ இறக்கிப் பிரிச்சாத்தான் மாமா. நான் வந்தாலே சனிக்கிழமை ஆயிடும். அக்காவை எப்படியாவது கூட்டிட்டுப் போயிடுங்க. விட்டுடாதீங்க."

அவர் அச்செடுத்த தாள்களைப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது: ஒருபோதும் இரண்டையும் ஒருசேரக் கழற்றாதீர்கள். அந்த வரிக்கு அடியில் அவருடைய பென்சில் கோடு. படித்திருக்கிறார், கோடும் போட்டிருக்கிறார். பிறகு எப்படி? வலப்பக்கம் கடப்பாரையைக் கொடுத்த அந்த நிமிடத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். அப்போது மனசில் என்ன இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. நாலு வருடம், வாரத்துக்கு மூன்று நாள். தனக்கும் அலுத்துவிட்டதோ என்று ஒரு எண்ணம் வந்தது. அது பொய் என்று அடித்துச் சொல்ல அவரால் முடியவில்லை.

மனைவி வாசலுக்கு வந்தாள். "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"வண்டி ஓடாது."

"நாளன்னைக்கு?"

"இந்த வாரமே ஓடாது. தப்புப் பண்ணிட்டேன். நான் வேற வண்டி கூப்பிடறேன், நீ என் மடியில படுத்துக்க. ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லாம நான் பாத்துக்கறேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் பிழைத்துப்போயிருப்பார். அவள் தோள் தளர்ந்து இறங்கியது. முகம் பள்ளிக்கூடம் விடுமுறை என்று கேட்ட பிள்ளையின் முகமாகியது. அந்த முகத்தை அவர் பார்த்து வெகு நாளாயிற்று.

"நான் அன்னைக்கே சொல்லிட்டேன்ல" என்றாள். கோபமே இல்லை.

"போகலைன்னா என்ன ஆகும் தெரியுமா உனக்கு?"

"உங்களைவிட எனக்கு நல்லா தெரியும்." பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, பரிசு கொடுத்தவரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்: "எனக்காக வேணும்னே பண்ணீங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அவருக்கு வாய் வரவில்லை. அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு வந்தாள். ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் அவள் குடிக்கக் கூடாது; நாலு வருடமாக அதை அளந்து ஊற்றியவர் அவர்தான். வெயிலில் நின்று, அண்ணாந்து, கடகடவென்று குடித்தாள். தொண்டை ஏறி ஏறி இறங்கியது. போதும் என்று அவர் சொல்ல வேண்டும். செம்பு காலியானதும் உள்ளே போய் மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து, பாதி குடித்துவிட்டு அவர் முன் நீட்டினாள்.

"காலையிலேர்ந்து வெயில்ல கெடக்கறீங்க. குடிங்க."

அவர் கைகளைக் காட்டினார். முழங்கைவரை கறுப்பு எண்ணெய்.

"வாயைத் திறங்க" என்றாள். அவர் முகத்தை உயர்த்தினார். அவள் சிரித்துக்கொண்டே ஊற்றினாள். தண்ணீர் வாய் நிறைந்து, கழுத்து வழியாக இறங்கி, சட்டைக்குள் ஓடியது. அவர் விழுங்கிக்கொண்டே இருந்தார்.