கீழிருந்து இரண்டு வரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எனக்கு வாய் வராது. நேற்று அக்காவின் தையல்கடைக்குப் போயிருந்தேன். அவள் உள்ளங்காலில் ஒரு குண்டூசி ஏறியிருந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை.

(நான் பத்திரிகையில் உடல்நலப் பக்கம் எழுதுகிறவன். இதை இப்போதே சொல்லிவைப்பது நல்லது.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "பச்சைத் தேநீரின் கசப்பைப் போலவே வாழ்க்கையும்..."

இல்லை. இப்படி எழுதுகிறவனைக் கண்டால் எனக்கே ஆகாது.

இரண்டாவது: "அக்கா அதிகம் படிக்காதவள். அச்சில் வருவதையெல்லாம் அப்படியே நம்பிவிடுவாள்."

அப்பட்டமான பொய். என் பக்கத்தை ஓர் எழுத்து விடாமல் படிக்கிற ஒரே ஆள் அவள்தான். படிக்காததால் அவள் ஏமாறவில்லை, படித்ததால்தான் ஏமாந்தாள். பழியைத் தூக்கி அவள் தலையிலேயே போடப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

3

நடந்தது இதுதான். பச்சைத் தேநீர் பற்றிய ஓர் ஆய்வைச் சுருக்கி எழுதினேன். தொடர்ந்து குடித்தவர்களின் இரத்தத்தில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு ஆற்றல் கூடியது, வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்தது என்று எழுதினேன். கடைசி இரண்டு வரிகளில் இருந்தது வேறு: சர்க்கரை குறைந்தது மிகக் கொஞ்சமே, மாத்திரைக்கு இது மாற்றல்ல. பக்கத்தில் இடம் போதவில்லை. எங்கள் தொழிலில் இடம் போதாவிட்டால் கட்டுரையைக் கீழிருந்து வெட்டுவோம். வெட்டினேன்.

(அடிக்குறிப்பு: மேலே ஒரு கோப்பைப் படம் இருந்தது. அதைச் சிறிதாக்கியிருந்தால் இரண்டு வரியும் உள்ளே வந்திருக்கும். படம் அழகாக இருந்தது.)

4

அந்தக் கட்டுரையை அக்கா துணி வெட்டும் கத்தரியால் நேராக வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அதன் கீழே உட்காரவைத்துத்தான் ஊசியைப் பிடுங்கினேன்.

"வலிக்கலையாக்கா?"

"எதுடா? அங்க என்ன இருக்கு?"

"ஊசி. சர்க்கரையால கால் மரத்துப் போயிருக்கு. மாத்திரை ஒழுங்கா போடுறியா இல்லையா?"

"அத விட்டாச்சு. இப்ப உன் கிரீன் டீதான், மூணு வேளையும். வாயில வைக்க முடியல, கஷாயமே தேவலாம். ஆனா என் தம்பி எழுதியிருக்கானே!"

துணி கொடுக்க வந்திருந்த பெண்ணிடம் திரும்பினாள். "இவன்தான் அது. சும்மா எழுத மாட்டான், எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் எழுதுவான்."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோக்கா" என்று மென்று விழுங்கினேன்.

"நீ எழுதுனதுக்கு மேல அவரு என்னடா சொல்லிடப் போறாரு?"

நான் பெருமைப்படுகிறவனைப் போல் நின்றேன். திருத்தம்: கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

5

முடிவுகள்.

அ) தம்பி ஒப்புக்கொள்கிறான். அக்கா கண்ணீரோடு மன்னிக்கிறாள். (அவளாவது அழுவதாவது. காதைத் திருகுவாள்.)

ஆ) ஊசி குத்திய இடம் புண்ணாகி, ஆறாமல், கடைசியில் மருத்துவமனையில் அவள் காலை

வேண்டாம். இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

இ) தம்பி ஒரு கதை எழுதுகிறான். அவன் எழுதுவது எதையும் விடாத அக்கா அதையும் படிக்கிறாள், தானே புரிந்துகொண்டு மாத்திரையை எடுத்துப் போடுகிறாள். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

உங்களிடம் மறைப்பானேன், நான் எழுத உட்கார்ந்ததே இந்த மூன்றாவதுக்காகத்தான். நேரில் சொல்லத் திராணியில்லாமல் கதையைத் தூது அனுப்பப் பார்த்தேன். ஆனால் இது அச்சேற அடுத்த மாதமாகும். அதுவரை அவள் அந்தக் கஷாயத்தையே குடித்துக்கொண்டிருப்பாள். அப்போதும் இடம் போதாவிட்டால், இதையும் யாராவது கீழிருந்து வெட்டுவார்கள்.

6

போன் போட்டுவிட்டேன். காதில் வைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

"சொல்லுடா. என்ன, திடீர்னு போன்? உனக்கு உடம்புக்கு ஏதாச்சுமா?"

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. செவுத்துல ஒட்டியிருக்கியே, அதுல கீழ இன்னும் ரெண்டு வரி இருக்கு."

"இல்லையேடா, நான்தான் முழுசா படிச்சேனே. இரு, கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாக்குறேன்."

மேசை இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்கிறது. இல்லாத வரிகளைப் படிக்க என் அக்கா கண்ணாடி தேடிக்கொண்டிருக்கிறாள்.

பேனாவைக் கீழே வைக்கிறேன். இந்தக் கதைக்கு என்ன முடிவு வேண்டுமோ நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் இருக்கும் இரண்டு வரி அவளுக்குச் சேர வேண்டியது.