மருமகள் கை படாத சிங்க்

முத்தியால்பேட்டையில் ஆனந்தமேரியைப் போலச் சுத்தம் பார்க்கிற பொம்பளை இன்னொருத்தி கிடையாது. இதை ஊர் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். சனிக்கிழமையானால் ஆசிட் பாட்டிலைத் திறந்து சமையலறை சிங்க்கைச் சுற்றி ஊற்றித் தேய்ப்பாள். டைல்ஸ் இடுக்குகளில் நுரை பொங்கும். அழுக்கு சாகிறது என்று அவளுக்குப் பரம திருப்தி.

அப்படிப்பட்ட சிங்க்கைச் சுற்றி டைல்ஸ் இடுக்கெல்லாம் அரித்து, உள்ளே அடைத்திருந்த வெள்ளை சிமெண்டு காணாமல் போனால் யார் காரணம்? மகன் ரிச்சர்ட் கட்டிக்கொண்டு வந்த ஜெர்லின்தான். அவள்தானே பாத்திரத்தைத் தண்ணீரில் ஊறப் போடுகிறவள்?

"பாத்திரம் மட்டுமா ஊறுது? செவுரும் சேந்து ஊறுது. ஒங்கம்மா வூட்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"தண்ணி ஊத்திதான அத்தை சிமெண்டே கொழைக்கிறாங்க? தண்ணி எப்படி அரிக்கும்?" என்றாள் ஜெர்லின்.

இந்த வாயை அடக்காவிட்டால் மாமியார் என்று ஒருத்தி எதற்கு? ஜெர்லின் பிரசவத்துக்காகச் சேதராப்பட்டில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போனதும், ஆனந்தமேரி கொத்தனார் கொளஞ்சியை வரவழைத்தாள். அவர் மிச்சமிருந்த சிமெண்டைச் சுரண்டிவிட்டு, புதிதாகக் குழைத்து இடுக்குகளை அடைத்தார்.

"நீ திரும்பி வர்றப்ப பாரு. என் கை மட்டும் பட்டா இது எப்படி இருக்குதுன்னு தெரியும்," என்று மருமகளிடம் போனில் சவால் விட்டாள். அந்தப் பக்கம் சம்பந்தியம்மாளும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதில் அவளுக்குக் கூடுதல் சந்தோஷம்.

சவால் விட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? ஆசிட்டை இன்னும் தாராளமாக ஊற்றினாள். குழந்தை பிறந்து, ஜெர்லின் திரும்பி வரும் நாள் நெருங்கியபோது இடுக்குகள் பழையபடி பல்லை இளித்தன. வீட்டில் பாத்திரம் ஊறப் போட ஆளே இல்லை. ஆனந்தமேரி குனிந்து மேடையைச் சுற்றிப் பார்த்தாள்.

கொளஞ்சி சிந்திய சிமெண்டு மேடைக்கு அடியில் ஒரு சின்னக் கட்டியாகக் காய்ந்து கிடந்தது. அதில் பொட்டு அழுக்கு இல்லை. சந்தேகத்தோடு அதன்மேல் கொஞ்சம் ஆசிட் விட்டாள். நுரை பொங்கியது. கட்டி கண்ணெதிரே கரைந்தது. இத்தனை வருஷமாகச் செத்தது அழுக்கில்லை என்று புரிந்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், அந்தப் பெண்ணை என்னவெல்லாம் பேசியிருக்கிறாள்! ஆனால் மாமியார் உடைத்தால் மண்குடம்தானே? கண்ணைத் துடைத்துக்கொண்டு கொளஞ்சிக்குப் போன் போட்டாள்.

"போன தபா வச்சதெல்லாம் எங்கம்மா போச்சி?" என்று அவர் வாயைப் பிளந்தார்.

"பேசாம பூசுப்பா. நாளான்னிக்கி மருமவ வருது. அதுகிட்ட மூச்சு வுட்றாத."

ஜெர்லின் குழந்தையோடும் தாய் வீட்டுச் சொந்தங்களோடும் வந்து இறங்கினாள். விருந்து முடிந்ததும் சமையலறைக்குள் வந்து, பளிச்சென்றிருந்த இடுக்குகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நீங்க சொன்னது நெசந்தான் அத்தை. நான் இல்லாதப்ப அப்படியே புதுசா இருக்கு. என் கையிலதான் ஏதோ கோளாறு. இனிமே நான் இந்த சிங்க் பக்கமே வரமாட்டேன். எல்லாப் பாத்திரத்தையும் நீங்களே தேய்ச்சிடுங்க."

உண்மையைச் சொன்னால் கை பிழைக்கும், மானம் போகும். ஆனந்தமேரி மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்தது கேலியா, நம்பிக்கையா என்று பிடிபடவில்லை.

"சரி, வச்சிட்டுப் போ," என்றாள்.

ஜெர்லின் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த விருந்துத் தட்டுகளையெல்லாம் கொண்டுவந்து அடுக்கினாள். பிரியாணி தேக்சாவை ரிச்சர்டே தூக்கிவந்து வைத்தான். ஆனந்தமேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். மானம் பத்திரமாக இருந்தது.