இரண்டாவது படுக்கை

அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே ஆய்வாளர் கேட்டார். "இன்னொரு படுக்கை எங்கம்மா?"

வேன் கதவைப் பிடித்தபடி என் கணவர் கென்கிச்சி வெளியே நின்றிருந்தார். அவர் காதில் விழாமல் பதில் சொல்ல வழியே இல்லை.

"அது இப்ப அலமாரி," என்றேன்.

இருபத்தாறு வயதான வேன் எங்களுடையது. உள்ளே அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, படுக்கை எல்லாம் இருப்பதால் நம்பர் பலகையில் எட்டில் தொடங்கும் எண். அந்த எட்டு நிலைக்க, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனை வரிசையில் வந்து நின்று தேற வேண்டும். பழைய சான்று இன்றோடு முடிகிறது. நாளை காலை நீகாத்தா துறைமுகத்திலிருந்து வடக்கே ஹொக்காய்டோ தீவுக்குக் கப்பல்.

கென்கிச்சியின் சிறுநீரகம் போய் ஆறு வருடம் ஆகிறது. தினமும் நான்கு வேளை, இரண்டு லிட்டர் மருந்து நீரைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டு, பழையதை வெளியேற்றுகிறார். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி மருந்து நீர். இனி வயிறு தாங்காதாம். ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு இணைக்க, இருபத்தெட்டாம் தேதி கையில் அறுவை. அதன்பின் வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி இயந்திரத்தோடு கிடக்க வேண்டும். முப்பத்தொரு வருடம் ஸ்டேஷனுக்கும் துறைமுகத்துக்கும் இடையே டவுன் பஸ் ஓட்டிய மனிதர், அதற்குள் ஹொக்காய்டோவைக் கடலோரமாக ஒரு முழுச் சுற்று சுற்றிவிட ஆசைப்பட்டார். பதினான்கு நாள் பயணம் என்றால் பதினான்கு பெட்டி வேண்டும்.

படுக்கைக்கு அடியில் ஆறு பெட்டிதான் கொள்ளும். முகவரி கொடுத்தால் கம்பெனிக்காரன் கொண்டுவந்து தருவான். தினம் ஒரு சாலையோர நிறுத்தத்தில் தூங்குகிறவர்களுக்கு எந்த முகவரி? அதனால் பின்பக்க இரட்டைப் படுக்கையில் என் பாதியை அறுத்தெடுத்துவிட்டு, கூரை வரை அலமாரி அடித்தேன். மீதி எட்டுப் பெட்டிக்கும் இடம் கிடைத்தது. "எனக்கு மேல மடக்குப் படுக்கை வருது" என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தேன். அப்படி ஒன்று வரவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

"முன் சீட்டைச் சாய்ச்சா நான் படுத்துக்குவேன்," என்றேன் ஆய்வாளரிடம்.

"டிரைவர் சீட்டு கணக்குல வராதும்மா. இது அஞ்சு பேர் உட்கார்ற வண்டி. குறைஞ்சது ரெண்டு பேர் படுக்கணும். ஆளுக்கு நூத்தி எண்பது சென்டிமீட்டர் நீளம், அம்பது அகலம். ரெண்டு பேர் வண்டின்னு பதிவை மாத்தினா ஒரு படுக்கை போதும். ஆனா அதுக்குப் பத்து நாள் ஆகும்." பிறகு குரலைத் தணித்தார். "இன்னைக்கே சரி பண்ணிட்டா மறுபடி வரிசையில வரலாம். மூணரைக்கு மூடிடுவோம்."

வண்டியைச் சோதனை மைதானத்தின் ஓரமாக நிறுத்தினேன். மணி பன்னிரண்டாகிவிட்டது, அவருடைய மதிய வேளை. தூசி ஆகாது, காற்று ஆகாது. சன்னல்களை அடைத்து, இருவரும் முகக்கவசம் போட்டு, கை கழுவினோம். புதுப் பையைக் கொக்கியில் மாட்டிக் குழாயை இணைத்தார். இனி அரை மணி நேரம் அவரால் நகர முடியாது. அவரை விட்டு என்னாலும் நகர முடியாது.

"மடக்குப் படுக்கைன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"பதினாலு நாளும் முன் சீட்டுலயா?"

"எனக்கென்ன. பல் டாக்டர் நாற்காலியிலயே தூங்கினவ நான்."

அவர் சிரிக்கவில்லை. கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் என்னையே பார்த்தன.

"அலமாரியைக் கழட்டு, யாசுயோ."

"மாட்டேன்." எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "பதினோரு நாள் முட்டி தேயத் தேய அடிச்சிருக்கேன். கழட்டினா ஆறு பெட்டி, ஆறே நாள். அதுலயும் கப்பல்ல போக வர ரெண்டு நாள் போயிடும். சுத்தப் போறீங்களா, எட்டிப் பாத்துட்டு வரப் போறீங்களா? டாக்டர்கிட்ட பத்து நாள் தள்ளிக் கேளுங்க. பதிவை மாத்திட்டுப் போகலாம்."

"கேட்டேன். ஒரு நாள்கூட முடியாதுன்னுட்டார்."

"எனக்குத் தெரியாம எப்ப கேட்டீங்க?"

"என்கிட்ட பொய் சொல்லிட்டு நீ படுக்கையை அறுத்துக்கிட்டு இருந்தப்ப."

பழைய நீர் கீழே இருந்த பையில் மெல்ல நிறைந்துகொண்டிருந்தது. இந்த மனிதர் கேட்ட ஒரே ஒரு விஷயம், அதையும் என் கையாலேயே கெடுத்துவிட்டேன்.

குழாயைக் கழற்றி மூடியதும் அவர் செய்த முதல் காரியம், திருப்புளியைத் தேடி எடுத்ததுதான். வீங்கிய விரல்களுக்குப் பிடி கிடைக்கவில்லை. இரண்டு முறை வழுக்கி, மூன்றாவது முறை கட்டைவிரலைக் கீறிவிட்டது.

"வெச்சுட்டுத் தள்ளுங்க," என்று பிடுங்கினேன். "கழட்டித் தொலைக்கிறேன்."

அறுத்தெடுத்த பாதி வீட்டில் கிடந்தது. போய்வர நேரமில்லை. அலமாரித் தட்டுகளையே வரிசையாகப் பரப்பித் திருகினேன். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு திருகாக எடுத்துக் கொடுத்தார். இரண்டேமுக்காலுக்கு நாடா வைத்துப் பார்த்தால் நூற்றெழுபத்தேழு. மூன்று சென்டிமீட்டர் இடித்தது. உள்ளே துருத்தி நிற்கும் சக்கர மேட்டுக்காக ஒரு தட்டை நானே குறைத்து அறுத்திருந்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்றால் இதுதான்.

"அலமாரிக் கதவுச் சட்டம் நாலு சென்டி இருக்குமே," என்றார் கென்கிச்சி.

அவரைத் தள்ளிப்போய் நிற்கச் சொல்லிவிட்டு அறுத்தேன். முதல் திருகில் சட்டம் விரிசல் விட்டது, அடுத்ததில் நின்றது. மரத்தூளைத் துடைத்துவிட்டு வரிசைக்கு வந்தபோது மூன்றேகால்.

ஆய்வாளர் நாடாவை வைத்தார். நூற்று எண்பத்தொன்று. அகலம் ஐம்பத்திரண்டு. பலகையைக் கையால் அழுத்தினார், பிறகு முட்டி போட்டு அழுத்தினார். பலகை கிறீச்சிட்டது, ஆனால் நகரவில்லை.

"ரெண்டு பேர். சரி," என்று முத்திரை குத்தினார்.

நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். சாவி கையில் இருந்தும் போட மனம் வரவில்லை. "எட்டு நாளை இங்கயே அறுத்துப் போட்டாச்சு," என்றேன். "முத்திரைதான் விழுந்தாச்சே, வேணும்னா வீட்டுல போய் அலமாரியை மறுபடி மாட்டிடறேன். ஒரு சுத்து சுத்தணும்னு நீங்க கேட்டது இது ஒண்ணுதான். உங்களுக்குக் கோபமே வரலையா?"

"வந்துச்சு. சீட்டுல உட்கார்ந்தே தூங்கினவங்களை முப்பத்தொரு வருஷம் கடைசி ஸ்டாப்புல எழுப்பி விட்டிருக்கேன். ஒருத்தர் மூஞ்சியும் பாக்கற மாதிரி இருக்காது. உன் மூஞ்சியை அப்படிப் பதினாலு நாள் பாக்கணுமா?"

"விளையாடாதீங்க."

அவர் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். பின்பு ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"இருபத்தெட்டாம் தேதிக்கு அப்புறம் வாரத்துக்கு மூணு நாள் தனியாத்தான் படுத்துக் கிடக்கப் போறேன், யாசுயோ. அதை இப்பவே ஆரம்பிக்கணுமா?"

நான் அழுதுவிட்டேன். பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறு பெட்டி ஏற்ற வீட்டுக்கு ஓட்டினேன்.