ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள்

“எங்க மேல கேஸ் போடுங்க மேடம்.”

இதை மட்டும் எந்தப் போராட்டத்திலும் கேட்கவே கூடாது என்று, நான் சங்கத்தில் சேர்ந்த அன்றே தலைவர் சதாசிவம் அண்ணன் சொல்லி வைத்திருந்தார். என் அம்மா செங்கம்மாள் அதையே தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். குரூப் ஃபோர் பரீட்சையில் பாஸாகி, சர்டிபிகேட் எல்லாம் காட்டிவிட்டு, வேலை ஆர்டருக்காகக் காத்திருக்கிறேன். இடையில் போலீஸ் விசாரணை ஒன்று பாக்கி. பெயரில் கேஸ் இருந்தால் அத்தோடு நின்றுவிடும். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். மதகுத் தெருவில் டிகிரி வாங்கியவளும் நான்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் பிரதீபா சாம்பார் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “நீ சாப்டியா மொதல்ல?” என்றார்.

நாங்கள் இருந்தது செங்கல்பட்டு பைபாஸ் ஓரம் ஒரு கல்யாண மண்டபம். மறியல் எப்படி நடக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காலையில் ரோட்டில் உட்கார வேண்டியது, கொஞ்ச நேரம் கோஷம் போட வேண்டியது. வேனில் ஏற்றிக் காலியாக இருக்கிற மண்டபத்தில் அடைப்பார்கள். மதியம் சோறு. சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள். மறுநாள் பேப்பரில் ‘கைது’ என்று வரும். ஸ்டேஷனில் ஒரு காகிதத்திலும் வராது. எந்த மண்டபம் என்பதைக்கூட முந்தின நாளே பேசி முடித்துவிடுவார் சதாசிவம் அண்ணன். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கடைகளை எடுக்கச் சொன்னபோது நடந்த மறியலில் பாயசம் போட்டார்கள் என்று இன்றைக்கும் சொல்லுவார்.

அதனால் காலையில் யாருக்கும் பயமில்லை. முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்து இன்னும் மேடையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பெயர் நிதின். பெண் பெயர் பாதி பிய்ந்திருந்தது. பிள்ளைகள் நாற்காலியை வரிசையாக வைத்து ரயில் ஓட்டினார்கள். பக்கத்து வீட்டு வேண்டா அக்கா மணமேடை சோபாவில் போய் உட்கார்ந்து, “மொய் வெக்கிறவங்க வரிசையா வாங்க, சில்ற குடுக்காதீங்க” என்றாள். காவலுக்கு நின்ற பெண் போலீஸ்கூடச் சிரித்தது. ஃபேன் ஓடியது. மின்சாரம் போகாத இடத்தில் உட்கார்ந்து எத்தனை நாளாச்சு என்று அம்மா காலை நீட்டிக்கொண்டாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலை. அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். தெருவே லீவு போட்டிருந்தது.

அதுதான் நாங்கள் செய்த மடத்தனம்.

மதகுத் தெரு ஏரிக்கரையில் இருக்கிறது. ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் வக்கீல் ஜெஸ்ஸி மேடம் மனு போட்டு, திங்கள்கிழமை விசாரணைக்கு வருகிறது. அதுவரை வீடுகள் நின்றால் போதும், தடை வாங்கிவிடலாம், ஆள் குடியிருக்கிற வீட்டை எந்தக் கோர்ட்டும் சும்மா இடிக்க விடாது என்றார். இது வெள்ளிக்கிழமை. சதாசிவம் அண்ணன், கூட்டம் காட்ட வேண்டும், வீட்டுக்கு ஒருத்தர் வந்தால் டிவிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான், குடும்பத்தோடு வாருங்கள் என்று மைக்கில் சொன்னார். நானும் கதவு கதவாகத் தட்டிக் கூப்பிட்டேன். அவரவர் பூட்டைத் தொங்கவிட்டுக் கிளம்பினார்கள். இத்தனை கூட்டம் மறியலுக்கு வந்து பார்த்ததில்லை என்று அண்ணனுக்குப் பெருமை. ஒரு தெருவையே காலி செய்து, நாங்களே வேனில் ஏறி உட்கார்ந்து, எங்களைப் பூட்டி வைக்கவும் விட்டிருக்கிறோம் என்பது போன் வரும்வரை ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

போன் செய்தது கார்த்தி. ஆட்டோ ஓட்டுகிறவன். திருக்கழுக்குன்றத்துக்கு ஒரு சவாரி போனதால் மறியலுக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது தெரு முனையில் ஜேசிபி நின்றது.

வீடியோ காலில் காட்டினான். என் கையிலிருந்த போனைச் சுற்றி அத்தனை தலையும் கவிழ்ந்தது. படம் ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது. பச்சைச் சுவர் ஒன்று சாய்ந்தது. அது யார் வீடு என்று கேட்டார்கள். யாருக்குமே அடையாளம் தெரியவில்லை. சுவர் விழுந்த பிறகு எல்லா வீடும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

“வேண்டாக்கா, உன் பூட்ட ஒடச்சி ஃபிரிட்ஜ வெளிய இஸ்த்து வெச்சிட்டேன்” என்று கார்த்தி கத்தினான். “தோச மாவு அப்டியே கீது.”

அதைக் கேட்டுத்தான் வேண்டா அக்கா அழ ஆரம்பித்தாள்.

எல்லோரும் கேட்டுக்கு ஓடினார்கள். உள்ளிருந்தவர்கள் தள்ள, வெளியிலிருந்து போலீஸ் தள்ள, அந்த இரும்புக் கேட் போகவும் இல்லை வரவும் இல்லை. கைது ஆனவர்களை ஆறு மணிக்கு முன்னால் விட முடியாது என்றார்கள். அந்த நேரம் பார்த்து சோறு வந்தது. பிள்ளைகள் பசியில் துவண்டிருந்தார்கள். கேட்டைத் தள்ளிய அதே கையை நீட்டிப் பொட்டலம் வாங்க வேண்டியதாயிற்று. அழுதுகொண்டே சாப்பிட்டார்கள். எனக்கு யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. சாப்பிட்டவர்கள் மேலும் வந்தது.

ஜெஸ்ஸி மேடத்துக்கு போன் போட்டேன். நடந்ததை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். திங்கட்கிழமை அவர்கள் என்ன சொல்வார்கள் தெரியுமா, வீடுகளில் ஒருத்தரும் இல்லை, அவர்களாகவே பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள், காலி வீட்டைத்தான் எடுத்தோம் என்பார்கள். நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு அரசாங்கத்தின் பக்கம் ஒரு வரி இல்லை. போட்டோவைக் காட்டினால், அது எந்தத் தேதி, எந்த ஊர் என்று இழுப்பார்கள். கேஸ் போட்டு மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோனால், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள், அப்போது சொல்வது பதிவாகும். அதை மறுப்பது கஷ்டம்.

“ஆனா நீ பண்ணாத பூங்கொடி” என்றார். “வேற யாராவது இருந்தா பாரு.”

பார்த்தேன். வேண்டா அக்காவிடம்தான் முதலில் கேட்டேன். சரி என்று எழுந்தவள், பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மகன் மறைமலைநகரில் கம்பெனியில் கான்ட்ராக்ட். அம்மா பேரில் கேஸ் என்று தெரிந்தால் மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். இன்னொருத்தருக்குப் பெண் கல்யாணம். இன்னொருத்தர் ஏற்கெனவே ஒரு கேஸில் வாய்தாவுக்கு அலைகிறவர். யாரையும் திட்ட முடியவில்லை. ஒவ்வொருவர் சொன்னதும் உண்மை.

சதாசிவம் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. இடிக்கப் போவது அவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்று நான் நம்புகிறேன்.

“கேஸுன்னு ஒண்ணு வுழுந்துச்சுன்னா அடுத்த தபா ஒருத்தன் வரமாட்டான் தங்கச்சி. சங்கமே கலைஞ்சிரும்.”

“அடுத்த தபா இடிக்கிறதுக்கு நம்ம தெருவுல இன்னாண்ணா கீது?”

அப்புறம்தான் நான் பிரதீபா மேடத்திடம் போய் அதைக் கேட்டது.

சாப்பிட்டாயா என்றவரிடம் மறுபடியும் சொன்னேன். காலையில் மறியல் செய்ததற்குக் கேஸ் எழுதுங்கள், எல்லோர் மேலும் வேண்டாம், என் ஒருத்தி மேல் போதும் என்றேன். மேலிடத்தில் கேஸ் வேண்டாம், சாயங்காலம் ரிலீஸ் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். இடிக்கப் போவது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தனக்கு மண்டபத்தில் டியூட்டி போட்டார்கள், ஏரிக்கரையில் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியாது என்றார். பொய் சொல்கிற முகமாக இல்லை. பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“குரூப் ஃபோர் பாஸ் பண்ண பொண்ணு நீதானே? உங்கம்மா காலையிலயே எங்கிட்ட வந்து சொல்லிச்சு, பேர மட்டும் எங்கியும் எழுதிடாதீங்கன்னு.” பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார். “நான் செலக்ட் ஆனப்போ எங்கப்பா மேல ஒரு அடிதடி கேஸ். அதுக்கே எத்தன ஆபீஸ் ஏறி எறங்குனேன் தெரியுமா? நீ உன் மேலயே போடச் சொல்ற.”

“போடுங்க மேடம்.”

“போட மாட்டேம்மா. உனக்கு நல்லதுதான் பண்றேன்.”

அவர் நிஜமாகவே நல்லதுதான் செய்தார். எங்களை அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை, குழந்தைகளுக்குப் பிஸ்கட் வாங்கி வரச் சொன்னார். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அதன் பிறகு கார்த்தி போன் செய்யவில்லை. நான் செய்தால் ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. எங்கள் வீடு கடைசியிலிருந்து இரண்டாவது. இன்னும் நிற்கிறதா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஆறு மணிக்கு, சொன்ன மாதிரியே, கேட்டைத் திறந்தார்கள். ஜனங்கள் செருப்புகூடப் போடாமல் ஓடினார்கள். ஷேர் ஆட்டோவை மறித்து ஏறினார்கள். படிக்கட்டில் சதாசிவம் அண்ணன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அங்கே நின்று கையை உயர்த்தி ஒரு போட்டோ எடுப்பது வழக்கம். அன்றைக்கு யாரையும் அவர் கூப்பிடவில்லை.

அம்மா ஓடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்து அவளுக்குப் புரிந்துவிட்டது.

“வூடு போனா போவட்டும்டி. வாடகைக்கு ஒரு ரூம்பு பாத்துக்கலாம். ஆர்டர் வர்ற வரிக்கும் வாய மூடிகினு இரு. உன் பேராவது நிக்கட்டும்.”

அவள் விரல்களில் பினாயில் நெடி எப்போதும் இருக்கும், லீவு நாளிலும் போகாது. ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன். டிரங்குப் பெட்டியை யாராவது எடுத்து வைத்தார்களா, போய்ப் பார் என்றேன். நீ எங்கே போகிறாய் என்று அவள் கேட்கவில்லை.

ஜீப்பில் ஏறப்போன பிரதீபா மேடத்திடம் போய், காலையில் உட்கார்ந்த அதே இடத்தில் இப்போது நான் தனியாக உட்கார்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். “இப்ப ஆபீஸ் வுடற நேரம். ஜி.எஸ்.டி ரோடே நின்னுடும். அப்போ கேஸ் போடறத வுட்டா எனக்கு வேற வழி இல்ல” என்றார். பிறகு மெதுவாக, “வேணாம்மா” என்றார்.

தனியாக ஒருத்தி உட்கார்ந்தால் இடிந்த சுவர் எழுந்து நிற்காது. மாஜிஸ்திரேட் கேட்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம். பகல் முழுக்க மண்டபத்தில் அடைபட்டிருந்தோம் என்று நான் சொல்வது பதிவானாலும், திங்கட்கிழமை அதை யாரும் படிக்காமல் போகலாம். ஆர்டர் மட்டும் நிச்சயமாக வராது. இது எல்லாம் எனக்குத் தெரியும்.

அம்மா மண்டப வாசலிலேயே நின்றாள். நான் திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தேன்.