பாட்டு நோன்பு

வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் நைட்டிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை லுப்னாவுக்கும் நர்மதாவுக்கும். லுப்னா தண்டையார்பேட்டை, நர்மதா மீனவர் குடியிருப்பான நெட்டுக்குப்பம். இருவருக்கும் உயிர் ‘உப்புக்காத்து’ பாட்டுக் குழு. சினிமா பக்கம் போகாமல், கிதாரும் கடமுமாகக் கடற்கரைப் பாட்டுப் பாடும் நாலு பிள்ளைகள். அவர்களுடைய ஆல்பம் வந்தால், ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் செருகிக்கொண்டு முதல் தடவை சேர்ந்துதான் கேட்பார்கள்.

இந்த முறை புது ஆல்பம் ரமலானின் நடுவில் வந்து நின்றது. பெருநாள்வரை பாட்டே கேட்பதில்லை என்பது லுப்னாவின் உறுதி.

“எனக்காவ நீ ஏன்டி காத்துகினு கெடக்குற? கேளு” என்றாள் பெருந்தன்மையாக.

“நீ சொல்ற வரிக்கும் வுடுவேனா? காலைல பஸ்லயே கேட்டாச்சு.”

லுப்னாவுக்குச் சுருக்கென்றது. கேள் என்று சொன்னது வாய்தான். ஆனால் சொன்ன பிறகு கோபப்பட வழியேது?

அன்றிலிருந்து நர்மதாவின் வாய் ஓயவில்லை.

“மூணாவது பாட்டுல போட்டு இன்ஜின் சத்தம் வருது பாரு, எங்க நைனாதான் கரைக்கு வந்துட்டாருன்னு எயுந்து நின்னுட்டேன்.”

“வாய மூடுடி.”

“கடைசிப் பாட்டுல அந்தப் பொண்ணு அயுதுகினே பாடுது. கண்டக்டரே கண்ணத் தொடச்சிகினாரு.”

லுப்னா இரண்டு நைட்டிகளை எடுத்துக் காதை அடைத்துக்கொண்டாள். “பசி கூட தாங்கிடுவேன், உன் பேஜாரு தாங்க முடியல.”

ஆனால் மாலையில் பாங்கு சொல்லும் முன்னே பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து வைப்பவளும் இதே நர்மதாதான். அவளிடம் எப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது? சேர்ந்து கேட்கும் அந்த முதல் தடவை போய்விட்டதே என்ற வருத்தத்தை லுப்னா பழத்தோடு சேர்த்து விழுங்கினாள்.

பெருநாளுக்கு மறுநாள், பிரியாணி டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, கடை மாடிப்படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு காது.

மூன்றாவது பாட்டு வந்தது. இன்ஜினைக் காணோம், வெறும் புல்லாங்குழல். கடைசிப் பாட்டில் அந்தப் பெண் அழவில்லை, நடுவில் சிரித்தேவிட்டாள். லுப்னா திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நர்மதா, எடுத்த கோழித்துண்டை வாயில் வைக்கவும் மறந்து, மெய்ம்மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கேட்டவள் முகமா அது?

“அடிப்பாவி! நீ கேக்கவே இல்லியா?”

“உன்னிய மாதிரி சோறு தண்ணி இல்லாம என்னால முடியாதுடி. பாட்டு இல்லாம இருக்கலாம்னு பார்த்தேன்.”

வாய் நிறையப் பொய்யும் மனம் நிறைய மெய்யுமாக இருக்க ஆண்டவன் சிலருக்குத்தான் வரம் தருகிறான்.

லுப்னாவுக்குக் கண் கலங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் அதட்டினாள். “நோன்பு வெச்சிகினு இவ்ளோ பொய் சொன்னியே, செல்லாது போ. மொதல்லேர்ந்து வெக்கணும்.”

“அடுத்த ஆல்பத்துக்கு வெக்கிறேன்” என்ற நர்மதா, பிரியாணிக் கையைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் முதல் பாட்டை மறுபடி வைத்தாள்.